இரண்டாவது பிரஷ்

காலை எட்டரை மணி.

கண்ணாடிக்கடைக்காரர் தன் வீட்டுக் குளியலறையில் மல்லாந்து கிடந்தார். ஒரு கன்னம் மழமழவென்று சவரம் ஆகியிருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை அமுங்கித் தோலோடு படிந்திருந்தது. பின்மண்டையில் அடி, வாஷ்பேசின் விளிம்பில் ரத்தம். வெந்நீர்க் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

மூக்குக்கண்ணாடி விற்றவர் அவர். தெருவில் 'சிடுமூஞ்சி' என்றால்தான் தெரியும். கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்துப் பலகையைத் தப்பாகப் படித்தால் அவரையே திட்டி அனுப்புவாராம். செத்த பிறகும் யாரையோ அதட்டப்போகிற மாதிரிதான் அந்த முகம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு அன்று விடிந்ததிலிருந்தே கடைவாய்ப்பல் வலி. வலி இல்லாத நாளிலேயே அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டார்.

"எத்தனை மணிக்குச் செத்தாரு?"

"அறை வெந்நீர் ஆவியில வெந்துகிட்டிருக்கு மேடம். அஞ்சுலேர்ந்து எட்டுக்குள்ள. அதுக்கு மேல என்னைக் கசக்காதீங்க."

"முகத்துல அடி, காயம்?"

"ஒரு கீறல் இல்ல, ஒரு சிவப்பு இல்ல. தோல் சுத்தமா இருக்கு. பின்னால விழுந்த ஒரே அடிதான். தானா வழுக்கி விழுந்தா இவ்வளவு வேகம் வராது. யாரோ பிடிச்சுத் தள்ளியிருக்காங்க."

கூடத்தில் இளைய மகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பாவோடு அதே வீட்டில் இருந்துகொண்டு அதே கடையில் வேலை பார்ப்பவன். போலீசைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"நீங்கதான் முதல்ல பாத்தீங்களா?"

"ஆமா."

"எட்டு மணி வரைக்கும் கீழ வரவே இல்லையா?"

"ஏழரைக்கு அவர் ஷேவ் பண்ணுவாரு. முடிஞ்சு வெளிய வர்ற வரைக்கும் யாரும் கீழ வரக்கூடாது. வந்தா கத்துவாரு."

"நேத்து ராத்திரி கத்தினது யாரு? பக்கத்து வீட்ல கேட்டிருக்கு."

"மூணு பேரும்."

"எதுக்கு?"

"கடையை எனக்குத் தர்றதா சொன்னாரு. அண்ணன் கத்தினான். எனக்கு வேணாம்னு நான் கத்தினேன். ரெண்டு பேரும் கத்துறோம்னு அவர் கத்தினாரு."

"அண்ணன் எங்க?"

"ஆறு மணிக்கே டாக்சி வந்துச்சு. போயிட்டான். அப்புறம் வீட்ல நானும் அவரும்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தான். "அதானே வேணும் உங்களுக்கு? எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டருக்கு அவனைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அழாத பிள்ளையை அவருக்கு எப்போதுமே பிடிக்காது. கூடவே மேலதிகாரியின் போன் வேறு. ஏழரை மணிக்குச் சவரம், அந்த நேரத்தில் வீட்டில் ஒரே ஆள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பகல் பன்னிரண்டுக்குள் அவனைக் கொண்டுவந்து உள்ளே வையுங்கள் என்றார். போனை வைத்ததும் இன்ஸ்பெக்டர் அவரையும் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டார்.

கைது செய்யலாம்தான். ஆனால் திட்டிய வேகத்தில் மறுபடி குளியலறைக்குள் போய் நின்றார்.

கண்ணாடிக்குக் கீழே சவர பிரஷ் மாட்டும் எவர்சில்வர் தாங்கி ஒன்று இருந்தது. இரண்டு கொக்கி, இரண்டு பிரஷ். ஒன்று பழசு. கொம்புப் பிடி, தடித்த பன்றிமுடி. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிடியில் படிந்திருந்த தூசி ஈரம் பட்டு அழுக்குக் கோடாக வழிந்திருந்தது. மற்றது புதுசு. கறுப்புப் பிடி, நைலான் இழை. மேலே ஆவி படிந்திருந்ததே தவிர உள்ளே எலும்பாகக் காய்ந்திருந்தது. இழைகளின் அடியில் மட்டும் வெள்ளையாகச் சோப்புப் படிவு.

"ஏட்டய்யா, ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு பிரஷ்?"

"ஒண்ணு காயுறப்போ இன்னொண்ணு மேடம். ஈரத்தோட திரும்பத் திரும்பப் போட்டா முடி அழுகிப்போயிடும். எங்க மாமனார் ரெண்டு வச்சிருக்காரு."

"அப்போ ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுவாங்க, இல்ல? மாத்தி மாத்திப் போடுற பிரஷ்ல தூசி எப்படி வரும்?"

ஏட்டு அலமாரியைத் திறந்து பார்த்தார். அலமாரி மேல்தட்டில் புது பிரஷ் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. அதில் அடுத்த தெருக் கடை ஒன்றின் முத்திரை.

மணி ஒன்பதே முக்கால்.

சவர சாமான் கடைக்காரர் செய்தி கேட்டு வருத்தப்படவே இல்லை.

"செத்துட்டாரா? சரி. போன மாசம் அந்த ஒரு பிரஷை வாங்க ஒரு மணி நேரம் என் உயிரை எடுத்தாரு. சின்ன மகனும் கூட வந்திருந்தான். எனக்கு விழுந்த திட்டுல பாதி அவனுக்கும் விழுந்துச்சு. பிடி குட்டைன்னாரு, நெட்டைன்னாரு. இழை குத்துதுன்னாரு, வழுக்குதுன்னாரு. கண்ணாடி முன்னால நின்னு ஒவ்வொண்ணா கன்னத்துல தேய்ச்சுப் பாத்தாரு."

"முடி பிரஷ் காட்டலையா?"

"காட்டினேனே! அதுலதான் வம்பே. பழசு மாதிரியே நல்ல பன்றிமுடி ஒண்ணு எடுத்து நான்தான் கன்னத்துல வச்சேன். விலையைச் சொல்லி முடிக்கலை, கன்னம் முழுக்கத் தடிப்பு தடிப்பா சிவந்துபோச்சு. கொல்லப் பாக்குறியான்னு கல்லாவைத் தட்டிக் கத்தினாரு. அந்த வயசுல திடீர்னு முடி ஒத்துக்காமப் போச்சாம், அதுக்கு நான் என்ன பண்றது? மகன் பையிலேர்ந்து மருந்தை எடுத்துத் தடவி விட்டான். தடவ வந்த கையையும் தட்டி விட்டாரு."

"பழைய பிரஷை என்ன பண்ணாருன்னு தெரியுமா?"

"தூக்கிப் போடுங்கன்னேன். அது செத்துப்போன பொண்டாட்டி வாங்கிக் கொடுத்ததாம், உன் வேலையைப் பாருடான்னாரு."

இன்ஸ்பெக்டர் அந்தக் கடையின் கண்ணாடியில் தன் வீங்கிய கன்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜீப்புக்குப் போகிற வழியில் டாக்சிக்காரருக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

மணி பதினொன்று.

மூத்த மகன் திரும்பி வந்திருந்தார். வெளியூரில் பெரிய வேலை, ஒரு வருஷத்துக்குப் பிறகு முந்தின நாள்தான் அப்பா வீட்டுக்கு வந்தவர். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பயணப் பை. கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னும் இவனை ஏன் வச்சிருக்கீங்க மேடம்? ஏழரை மணிக்கு நான் ஆபீஸ் கூட்டத்துல இருந்தேன். முப்பது பேர் சாட்சி. வீட்ல இருந்தது இவன் ஒருத்தன்தான். சின்ன வயசுலேர்ந்தே இவனுக்கு வெறி."

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இன்ஸ்பெக்டருக்கு வேலை மிச்சம். இப்படிக் கழுத்துக்குக் கத்தி வந்தும் வாயைத் திறக்காத பிடிவாதத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

இரண்டு பிரஷையும் தனித்தனி உறையில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"சார், இதுல உங்க அப்பாவோட பிரஷ் எது?"

மூத்தவர் யோசிக்கவே இல்லை. கொம்புப் பிடியைக் காட்டினார். "இதுதான். எங்க அம்மா வாங்கிக் கொடுத்தது. நான் பொறந்ததுலேர்ந்து அப்பா இதுலதான் ஷேவ் பண்றாரு."

"அப்போ இந்தப் புதுசு?"

"விருந்தாளி யாருக்காவது வாங்கி வச்சிருப்பாரு. இதெல்லாம் எதுக்கு இப்போ?"

இன்ஸ்பெக்டர் தம்பியிடம் திரும்பினார். "உங்களுக்கும் அதே கேள்விதான்."

அவன் முதல்முறையாக மேஜையைப் பார்த்தான். பழைய பிரஷின் ஈரத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"இதை யாரு நனைச்சது? இது பட்டா அவருக்கு முகமே வீங்கிடுமே! ஒரு மாசத்துக்கு மேலா இதைத் தொடுறதே இல்ல. அம்மா ஞாபகத்துக்குச் சும்மா தொங்கும். அந்தக் கறுப்புதான் தினமும்."

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"நான் எங்க பிரஷைப் பாத்தேன்? அவரைத்தானே பாத்தேன். நீங்களும் சண்டை போட்டியான்னுதான் கேட்டீங்க."

அது உண்மைதான். இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார், கடித்த பல் வலித்தது.

"சரி, எல்லாரும் கேட்டுக்குங்க. தினம் போடுற பிரஷ் காய்ஞ்சு கிடக்கு. தூசி படிஞ்ச பிரஷ் சொட்டச் சொட்ட இருக்கு. தனக்கு ஆகாத முடியை எடுத்து அவரே பூசிக்கிட்டு, ஒரு கன்னத்தைச் சவரமும் பண்ணி முடிச்சாராம். கடையில விலை சொல்லி முடிக்கிறதுக்குள்ள தடிச்ச முகம் அது. இன்னிக்கு அதே முடியில நுரை பூசியும் ஒரு சிவப்பு கூட இல்லைன்னு டாக்டர் சொல்றாரு. ஏன்னா உயிருள்ள தோல்தான் தடிக்கும். நுரை போட்டப்போ அவர் செத்துப்போயிருந்தாரு."

இன்ஸ்பெக்டர் மூத்தவர் பக்கம் திரும்பினார்.

"செத்தவருக்கு எதுக்குச் சவரம்? ஏழரை மணிக்கு உயிரோட இருந்தாருன்னு நாங்க நம்பணும், அதுக்குத்தான். வெந்நீரைத் திறந்து விட்டதும் அதுக்குத்தான், நேரம் குழம்பட்டும்னு. அப்படி நம்பினா மாட்டிக்கிறது தம்பி. தனக்குத் தானே குழி வெட்டிக்கத் தம்பிக்கென்ன தலையெழுத்தா? தப்பிக்கிறது, ஏழரை மணிக்கு முப்பது பேரோட உக்காந்திருந்த ஆளு. டாக்சிக்காரர் சொன்னாரு, ஏறுறப்போ உங்க சட்டையோட வலது கை முழங்கை வரைக்கும் நனைஞ்சிருந்துச்சுன்னு. ஏட்டய்யா, சாரோட பையில காலைல போட்டிருந்த சட்டை இருக்கும். எடுங்க."

மூத்தவர் பையைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டார். அதுவே போதும் என்று பட்டது. அடுத்த நொடி அவர் குரல் உடைந்தது.

"தள்ளினேன், அவ்வளவுதான்! விடிகாலைல பல் தேய்க்க வந்தாரு. கடையில எனக்கும் பங்கு கொடுங்கன்னு கேட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பயலுக்குக் கடை எதுக்குன்னு சிரிச்சாரு. சிரிச்சாரு மேடம்!"

"தள்ளினதுக்கு உங்க வக்கீல் ஏதாவது சமாதானம் சொல்வாரு. அப்புறம் பக்கத்துல உக்காந்து நிதானமா நுரை கலக்கினீங்களே, அதுக்கு என்ன சொல்வாரு?"

மூத்தவர் தம்பியிடம்தான் கத்தினார். "பிரஷ் மாத்தினதை எனக்கு யாராவது சொன்னீங்களா? ஒரு போன் பண்ணி ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"முகம் வீங்கின அன்னிக்கே பண்ணேன்," என்றான் இளையவன். "அப்பாவைப் பத்தின்னா அப்புறம் பேசுறேன்னு வச்சிட்டே."

ஏட்டு மூத்தவரை வெளியே கூட்டிப்போனார். இன்ஸ்பெக்டர் உறைகளை எடுத்துப் பையில் வைத்தார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. பல்வலியைச் சாக்காக வைத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே மனசு கேட்காமல் நின்றார்.

"கேஸ் முடிஞ்சதும் பிரஷ் ரெண்டையும் வாங்கிக்கலாம்."

"அம்மா வாங்கினது எனக்கு வேணாம், அதுல அவன் கை பட்டுடுச்சு," என்றான் அவன். "அந்தக் கறுப்பு மட்டும் வேணும். அன்னிக்கு பிரஷ் கடையிலேர்ந்து வெளிய வந்தப்புறம் வழியெல்லாம் திட்டினாரு. ஆனா நான் எடுத்துக் கொடுத்ததைத்தான் வாங்கினாரு."

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.