பன்னிரண்டாவது கோடு

பண்டாரவளைச் சந்தைக்குப் பின்னால், ஒரு காலத்தில் லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோஸும் அடுக்கிவைத்த பழைய ஸ்டோர் ஒன்று இருக்கிறது. இப்போது அதற்குள் ஒரு விண்கப்பல் நிற்கிறது. மழை நாட்களில் அந்தக் கப்பலுக்குள்ளும் அழுகிய கோவா வாசந்தான்.

ரெங்கசாமி அங்கே போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. மடுல்சீமையில் முதல் பஸ் ஏறி, பதுளையில் மாறி வந்திருந்தார். இரண்டு பஸ்ஸுமே நேரத்துக்கு வந்தன. இந்தக் கதையில் நம்புவதற்குக் கஷ்டமான விஷயம் அது ஒன்றுதான்.

ஸ்டோரைக் காவல் பார்க்கும் ஸலீம், எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன், வாசலில் ஸ்டூல் போட்டுப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடி வந்தீங்க?"

"உள்ள சினிமாக் கப்பல் ஒண்ணு இருக்காமே நானா. அதுல கடைசியில ஒரு கதவு. அது எங்க வீட்டுக் கதவு."

ஸலீம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தப் புள்ளட வாப்பா நீங்களா?" என்று கேட்டார்.

ரெங்கசாமி பிள்ளையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

*

அந்தப் படத்தின் பெயர் 'நீலக்கோள் நாற்பது'. நான்கு வருஷத்துக்கு முன்னால் மடுல்சீமைப் பக்கம் எடுத்தார்கள். பூமியை விட்டுத் தப்பி ஓடுகிற ஜனங்கள் வேறொரு கோளில் போய் இறங்குகிற கதை. வேறு கோளுக்கு மடுல்சீமையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, ரோட்டைப் பார்த்ததுமே முடிவு பண்ணிவிட்டோம் என்றாராம் இயக்குநர்.

படம் பத்து நாள் ஓடியது. ஆனால் அதில் ஒளித்துவைத்த சங்கதிகளைத் தேடுவதற்கென்றே ஒரு கூட்டம் கிளம்பியது. மச்சான் ஜெயகுமார் கொழும்பிலிருந்து ரெங்கசாமியின் ஃபோனுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். 'நீலக்கோள் நாற்பது: நீங்கள் கவனிக்காத பத்து ரகசியங்கள்.' கப்பல் எஞ்சினின் உறுமல், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மிஷின் சத்தமாம். அந்நியக் கோள்வாசிகளின் முட்டைகள், சுண்ணாம்பு பூசிய பூசணிக்காய்களாம். கப்பல் தலைவன் உட்காருவது பதுளையில் ஒரு சலூனில் கழித்துக்கட்டிய நாற்காலியாம். உற்றுப் பார்த்தால் கைப்பிடியில் சோப்பு நுரை தெரியுமாம்.

ஆறாவது ரகசியம், கப்பலின் கடைசிக் கதவு. அதன் நிலையில் கத்தியால் கீறிய கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. படம் வெளியானபோது ஒன்பது இருந்தன. அடுத்த வருஷம் அதே காட்சியில் பத்து. இப்போது பன்னிரண்டு. இயக்குநர் யாருக்கும் சொல்லாமல் வருஷத்துக்கு ஒரு கோடு சேர்க்கிறார், காலத்தைக் காட்டுகிறார், மேதை என்று வீடியோக்காரன் கைதட்டினான். இதைப் பற்றிக் கேட்டபோது இயக்குநர் புன்னகைத்தார். தெரியாத விஷயத்துக்குப் புன்னகைக்க அவரைவிட்டால் ஆள் இல்லை.

கப்பல் இப்போது பண்டாரவளைச் சந்தை ஸ்டோரில் நிற்கிறதென்று வீடியோவின் கடைசியில் சொன்னதை ரெங்கசாமி இரண்டு தரம் கேட்டார். அந்தக் கதவைக் கொடுத்தது அவர்தான். கொடுத்தபோது எட்டுக் கோடுகள்.

எட்டும் அவர் மகள் விதுஷாவின் உயரம். ஒவ்வொரு தீபாவளிக்கும் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் அம்மா புஷ்பம் அவளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்துவாள். தேயிலைச் செடியின் தலைக்கு மேல் வைத்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை மகளின் தலைமேல் வைப்பாள். செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் ஒரு கீறல். புஷ்பத்துக்கு இடது கைப் பழக்கம். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் இடது பக்கம் எலிவால் மாதிரி ஒரு வளைவு. ஆறாவது கோடு மட்டும் சாய்ந்திருக்கும். விதுஷா குதிகாலைத் தூக்கிக் கள்ளத்தனம் பண்ணிப் பிடிபட்ட வருஷம் அது.

எட்டாவது கோடு போட்டு இருபது நாளில் காய்ச்சல் வந்தது. மண்சரிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு அடைபட்டிருந்தது. அவ்வளவுதான்.

அதன் பிறகு ரெங்கசாமிக்கு அந்தக் கதவைத் தாண்டி வீட்டுக்குள் போகக் கால் வரவில்லை. ஜன்னல் வழியாக ஏறிப் போவார். லயத்தில் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்துச் சனம் முதலில் சிரித்தது, அப்புறம் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். கோடுகளைப் பார்த்ததும் ஒருவன் துள்ளினான். "இதுதான் சார் வேற்றுக்கோள் எழுத்து!" நிலையோடு கதவைக் கேட்டார்கள், பதிலுக்குப் புதுக் கதவு போட்டுத் தருவதாகச் சொன்னார்கள்.

"கழட்டிட்டுப் போங்க. என் கண்ணுல படாம எங்கயாச்சும் கொண்டு போயிருங்க" என்றார் ரெங்கசாமி.

புஷ்பம் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தபோது வாசலில் நீலப் பெயின்ட் அடித்த புதுக் கதவு நின்றது. அவள் அழவில்லை. சண்டை போடவில்லை. அன்றையிலிருந்து புருஷனிடம் பேசவில்லை, அவ்வளவுதான். பேச வேண்டியதையெல்லாம் நாயிடம் சொல்வாள். "அந்த மனுசனுக்கு ரொட்டி மூடி வச்சிருக்குன்னு சொல்லு." நாய் அவரைப் பார்க்கும். அவர் போய்ச் சாப்பிடுவார். நான்கு வருஷத்தில் அந்த நாய் ஒரு சேதியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

கதவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் புஷ்பம் ஒரு வார்த்தை பேசுவாள். இந்த ஒரு நினைப்போடுதான் ரெங்கசாமி பஸ் ஏறினார்.

*

"மொதல்ல கறையான்னுதான் நெனச்சேன்," என்றார் ஸலீம், டோர்ச்சைத் தட்டித் தட்டி எரிய வைத்தபடி. "ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுநாள் பாத்தா கதவுக்குக் கீழ மரத்தூள். பொறகு யோசிச்சேன், கறையான் கோடு கிழிச்சா திங்கும்?"

"புள்ளைன்னு எப்படித் தெரியும் நானா?"

"இருமும்." ஸலீம் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் வரைக்கும் சின்னப் புள்ள இருமல். இப்பக் கொஞ்சம் கனத்துப் போச்சு. நான் இதுக்கு அங்கால வரமாட்டன். நீங்க போங்க."

கப்பலுக்குள் வெள்ளிப் பெயின்ட் அடித்த தகரங்களுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய பாதை. சுவரில் பொத்தான்கள். பொத்தான்கள் என்றால் சோடாப் போத்தல் மூடிகள். வெளியே சந்தையில் கரட் விலை கூவுகிற குரல் இரண்டு அடி வரைக்கும் கூடவே வந்தது. மூன்றாவது அடியில் நின்றுவிட்டது.

கோவா வாசம் போய்விட்டது.

நல்லெண்ணெய் வாசம் வந்தது.

பாதையின் முடிவில் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் போக இடமில்லை, ஸ்டோரின் கல் சுவர்தான். ரெங்கசாமி குந்தி உட்கார்ந்து கீழிருந்து விரலால் தடவி எண்ணினார். ஒன்று. இரண்டு. ஆறாவது சாய்ந்திருந்தது. எட்டு. அதற்கு மேல் வெள்ளிப் பெயின்டைக் கீறிக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று. எண்ண எண்ண அவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

இந்த நான்கு கோடுகளுக்கும் வால் வலது பக்கம். புஷ்பத்தின் கை இல்லை. தன் தலைக்கு மேல் தானே கையை வளைத்துக் கீறிக்கொண்ட மாதிரிக் கோணல்.

தீபாவளி போய் ஐந்து நாள்தான். தூள் இன்னும் ஈரமாக இருந்தது.

பிள்ளையின் உச்சியில் கை வைக்கிற பழக்கத்தில், யோசிக்காமல், அவர் அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

மரம் கைக்குத் தட்டுப்படவில்லை.

ஈரத் தலைமயிர் தட்டுப்பட்டது. அடியில் சூடு. அன்றைக்கு அவர் தொட்டுப் பார்த்த அதே காய்ச்சல் சூடு.

"விது," என்றார். "அப்பா வந்திருக்கேன்மா."

உள்ளங்கைக்குக் கீழே தலை மெதுவாக விலகிக்கொண்டது. சாத்திய கதவுக்குப் பின்னால், ஆள் நிற்க இடமே இல்லாத அந்த இடத்தில், யாரோ ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தார்கள்.

*

ரெங்கசாமி நிலையோடு பெயர்த்து வாசல்வரை இழுத்து வந்த கதவை ஸலீம் தூக்கிக்கொடுத்தார். "கொண்டு போங்க. கம்பனிக்காரங்க கேட்டா கறையான் தின்னுட்டுன்னு சொல்றன்." பசறைக்குப் போகிற மரக்கறி லொறியில் இடம் பிடித்துக்கொடுத்ததும் அவர்தான். லொறிக்காரன் மடுல்சீமை வரைக்கும் ஏறமாட்டேன் என்றான், பிறகு ரெங்கசாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினான். பின்தட்டில் ரெங்கசாமி கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வளைவுகளில் எல்லாச் சாமானும் ஒரு பக்கம் சரிந்தது. கதவு சரியவில்லை. மறுபக்கத்திலும் யாரோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி.

லயத்துக்கு வந்து, பக்கத்துக் காம்பரா அறைகளில் இருந்த இரண்டு பேர் கைகொடுக்க, கதவை நிலையோடு உள்ளே சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். நாய் வாசல்வரை வந்து, உள்ளே ஒரு தரம் பார்த்து, போய்விட்டது. அதற்கு அன்றோடு வேலை முடிந்தது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

புஷ்பம் வந்தாள். கூடையை இறக்கினாள். இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்க்காமல், சேற்றுக் காலோடு உள்ளே போனாள்.

ரெங்கசாமி சுவரோரம் நின்றார். ஒரு வார்த்தை. அது வசவாக இருந்தாலும் சரி.

அவள் எண்ணினாள். எட்டுக்கு மேல் விரல் போனபோது உதடு மட்டும் அசைந்தது. பன்னிரண்டில் விரல் நின்றது. வலது பக்க வாலைப் பார்த்தாள்.

"தனியாப் போட்டுக்கிட்டியா?" என்றாள், கதவிடம். "கோணலாப் போட்டிருக்க. நேரா நில்லு."

மட்டக்கம்பை எடுத்தாள். கோட்டுக்குச் சரியாக நிலையோடு ஒட்டி வைத்தாள். கத்தி எடுக்கத் திரும்பும்போது இரண்டு கையையும் கம்பிலிருந்து எடுத்தாள்.

கம்பு விழவில்லை.

அந்தரத்தில், ஒரு தலைமேல் இருப்பதைப் போல, மட்டமாக நின்றது. மூச்சு விடுகிற அளவுக்கு மேலும் கீழும் அசைந்தது.

ரெங்கசாமி ஓர் அடி முன்னால் வந்தார். கம்பு ஆடத் தொடங்கியது.

புஷ்பம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு, நாய் இல்லாமல், நேரடியாக அவரிடமே பேசினாள்.

"ஏங்க. ஒங்களப் பாத்தா பயப்படுறா. கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

அவர் வெளியே போனார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் குளிரில் குந்தியிருந்தார். உள்ளே புஷ்பம் பேசிக்கொண்டே இருந்தாள், நான்கு வருஷப் பேச்சு. நடுவில் நடுவில் நிறுத்தினாள், பதில் கேட்கிற மாதிரி. ஜன்னல் வழியே பார்த்தபோது அவள் பாயில் உட்கார்ந்து, முன்னால் யாரும் இல்லாத இடத்தில், மூன்று பிரிவாகப் பிரித்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். விரல்களில் எண்ணெய் மினுங்கியது. பின்னல் முடிய வெகுநேரம் ஆயிற்று. நீளமான முடி போலிருந்தது.

விளக்கு வைத்த பிறகு அவர் கேட்டார், "உள்ள வரலாமா புஷ்பம்?"

உள்ளே அவள் குனிந்து யாரிடமோ கேட்டாள். "இன்னைக்கி வேணாமாம்," என்றாள் அவள்.

அன்றையிலிருந்து ரெங்கசாமி இஸ்தோப்பில்தான் படுக்கிறார். புஷ்பம் இப்போது அவரிடம் நன்றாகப் பேசுகிறாள். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறாள், சீனி போதுமா என்று கேட்கிறாள், தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிறாள். எல்லாம் வெளியே. தினமும் பொழுது சாய அவர் ஒரு தரம் கேட்பார், அவள் உள்ளே போய் வந்து தலையாட்டுவாள். கேட்கிறதுக்கு அவருக்கும் அலுக்கவில்லை, வந்து சொல்வதற்கு அவளுக்கும் அலுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில் நேரம், புஷ்பம் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். லயத்தில் ஆள் இல்லை. கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரெங்கசாமி, நினைவில்லாமல் வாசல் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டார்.

"வரலாமா?"

உள்ளே ஒரு இருமல். பிறகு, அவர் இதுவரை கேட்டிராத ஒரு குரல், கனத்துக்கொண்டிருக்கிற பெரிய பிள்ளைக் குரல், வாசலுக்கு மிகப் பக்கத்திலிருந்து சொன்னது.

"இன்னும் கோவம் போகலப்பா."

ரெங்கசாமி கையிலிருந்த ஈரச் சட்டையை மெதுவாக உதறிக் கயிற்றில் போட்டார்.

"சரிம்மா," என்றார்.