முதலில் குனியும் தலை

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முகமும் கேமராவை நேருக்கு நேர் பார்த்தது. ஆனால் அத்தனை முகங்களையும் சின்னச் சின்னப் பெட்டிகளாக அடுக்கி ஒரே திரையில் ஓடவிட்டதும், எல்லாக் கண்களும் ஒரு கடுகளவு, ஒரே ஒரு கடுகளவு, கீழ் வரிசையின் வலது ஓரத்துக்குச் சாய்ந்தன. அங்கே ஒரு பெட்டி காலியாக இருந்தது.

எடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். ஜன்னலே இல்லாத அறை அது. வெளியே பகலா, பிரளயமா என்று தெரிந்துகொள்ள யாராவது கதவைத் தட்டிச் சொன்னால்தான் உண்டு. ஏசி மட்டும் சளி பிடித்த யானையைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் முதல் காட்சி. அதற்குள் இந்தக் கடைசிக் காட்சியை முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

படம் ஒரு பழங்கதையை இந்தக் காலத்துக்கு மாற்றி எடுத்தது. அந்தக் கதையில் ஊர்த்தலைவனின் தண்ணீர் ஜாடி உடைந்துபோகும். உடைத்தது யார் என்று தெரியாது. சாட்சி கிடையாது. தடயம் கிடையாது. நீதிபதி ஊரையே முற்றத்தில் நிறுத்தி, "எல்லாரும் ஒருவரை ஒருவர் பாருங்கள். முதலில் தலை குனிகிறவர்தான் உடைத்தவர்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அப்புறம் குனிவானா ஒருத்தன்? நின்றார்கள், நின்றார்கள், அப்படி நின்றார்கள். ஒருவன் தாடி அடுத்தவன் தாடியோடு பின்னிக்கொண்டது. தலைகளில் காக்காய் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு பறந்து போய்ப் பேரன் பேத்தியோடு திரும்பி வந்தது. கடைசியில் ஒரு தாய், காலைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளையைப் பார்க்கக் குனிந்தாள். அவ்வளவுதான். அவளுக்குத் தண்டனை கொடுத்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

இயக்குநருக்குப் படப்பிடிப்பில் வைத்த பெயர் சூறாவளி. அவன் பேச ஆரம்பித்தால் மின்விசிறியே வெட்கப்பட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவன் ஜாடியை ஓர் அலுவலகத்தில் யாரோ அழித்துவிட்ட கோப்பாக மாற்றினான். முற்றத்தை வீடியோ கூட்டமாக மாற்றினான். நீதிபதியைத் தூக்கியே எறிந்துவிட்டான்.

"நீதிபதி எதுக்கு மேடம்? இப்பத்தான் எல்லாருமே நீதிபதி ஆயிட்டாங்களே! சம்பளம் மிச்சம்!"

நடிகர்கள் அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து கைப்பேசியில் தங்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அவன் எல்லாருக்கும் சொன்னது ஒன்றுதான். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டே லென்ஸைப் பாருங்கள். கண்ணை மட்டும் தாழ்த்தாதீர்கள். ஒரே ஒரு நடிகர் மட்டும் அனுப்பவில்லை. அதுதான் அந்தக் காலிப் பெட்டி.

"அவர் அனுப்புற வரைக்கும் உங்க முகத்தையே போட்டு வைங்க மேடம்" என்று சூறாவளி போனில் சொன்னான்.

இந்தத் தொழிலில் அது வழக்கம்தான். அசல் வந்து சேரும்வரை கையில் இருப்பதை வைத்து ஓட்டையை அடைப்பார்கள். இந்த எடிட்டரின் குரல் எத்தனையோ கதாநாயகிகளுக்குத் தற்காலிகமாக அழுதிருக்கிறது. அவள் கை ஒரு படத்தில் கொலைகாரனின் கை, இன்னொன்றில் மாமியாரின் கை, ஒன்றில் குரங்கின் கை. அந்தக் குரங்குக் கையை மாற்ற மறந்தே படம் வெளியாகி, நன்றாக நடித்திருக்கிறது என்று பாராட்டு வேறு வந்தது!

ஆகவே கணினியின் கேமராவைத் திருப்பினாள். லென்ஸைப் பார்த்தாள். எதையும் நினைக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தாள்.

அப்பா நினைவுக்கு வந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. அப்பாவைப் பார்த்துக்கொண்டதெல்லாம் தங்கைதான். அன்று மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "அக்கா, கடைக்குப் போயிட்டு வந்துடறேன், பார்த்துக்கோ" என்று சொல்லிப் போனாள். எடிட்டர் அடுத்த அறையில் ஹெட்போனோடு வேலையில் இருந்தாள். அப்பா கூப்பிட்டார். ஒரு பக்கத்தைத் தூக்கிக் கேட்டாள். மறுபடி கூப்பிட்டார். இந்த ஒரு வெட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். போனபோது அப்பாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

இழவு வீட்டில் பெரியப்பா கேட்டார்: "கூட இருந்தது யாரு? என்ன மாத்திரை கொடுத்தீங்க?" அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தங்கை தலை குனிந்தாள். அழத்தான் குனிந்தாள். உறவுக்கூட்டம் அதற்குள் முடிவு கட்டிவிட்டது. அவள்தான் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாளாம். எடிட்டர் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து தங்கை ஒரு விசேஷத்துக்கும் போவதில்லை. தன் பிள்ளைக்கு இருமல் மருந்தைக்கூடத் தன் கையால் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்வாள்.

அந்தத் தங்கை இன்று சாயங்காலம் படம் பார்க்க வருகிறாள். "நீ வெட்டுன படம் ஒண்ணுகூட நான் பார்த்ததில்லையேக்கா. எனக்கும் ஒரு சீட் வை" என்று அவளாகவே கேட்டிருந்தாள்.

எடிட்டர் தன் முகத்தைப் பெட்டியில் பொருத்தி ஓடவிட்டாள். எல்லாக் கண்களும் இப்போது சரியாக இருந்தன. நேராகப் பார்த்தன. பெட்டிக்குள் இருந்த அவளை.

அவள் உதடு அசைந்தது.

பதிவு செய்தபோது அவள் பேசவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தாள்! திரும்ப ஓட்டினாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. ஒலி சேர்க்காத காட்சிகளில் உதட்டைப் படித்தே காலம் தள்ளியவளுக்கு இது என்ன பெரிய வித்தையா? *கேட்டுச்சு.* அவ்வளவுதான் சொன்னது. *கேட்டுச்சு. கேட்டுச்சு.*

சூறாவளியை வரவழைத்துக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், கையைத் தட்டினான்.

"உதடு எங்க மேடம் அசையுது? சும்மாதானே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. ஆனா என்ன முகம் மேடம் இது! இப்படி ஒரு குற்றவாளி முகம் எங்க தேடினாலும் கிடைக்காது. அந்த ஆளு வரவே வேணாம். இதையே வைச்சிடுங்க!"

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. அவன் போனதும் தன் முகத்தை அழித்தாள். அந்த இடத்தில் கறுப்பை வைத்தாள். ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். கறுப்புதான். முழுப் படத்தையும் ஒரே கோப்பாக எடுத்து அரங்குக்கு அனுப்பினாள். அணைத்துவிட்ட திரையில் அவள் பிம்பம் தெரிந்தது. அதன் உதட்டைப் பார்க்காமல் எழுந்து வந்தாள்.

அரங்கு சின்னது. வாசலில் தங்கை நின்றிருந்தாள், நல்ல புடவை கட்டி, பரீட்சைக்கு வந்தவளைப் போல.

"என்னக்கா, முகம் பேயடிச்ச மாதிரி இருக்கு?"

"தூக்கம் இல்ல."

"படம் நல்லா இருக்குமா? பயமா இருந்தா உன் கையைப் பிடிச்சுக்குவேன், சரியா?"

இப்போதே சொல்லிவிடலாம். சொல் தொண்டைவரை வந்தது. பெரியப்பா முகம், சித்தி முகம், ஐந்து வருஷமாக அவளை "பாவம், மூத்தவ" என்று தட்டிக்கொடுத்த முகங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினாள்.

"வா, உள்ளே போகலாம்."

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. ஆட்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், இரும வேண்டிய இடத்தில் இருமினார்கள். தங்கையின் கை அவள் கைமேல் சூடாக இருந்தது. பிறகு கடைசிக் காட்சி வந்தது. வரிசை வரிசையாகப் பெட்டிகள், சுவர் உயரத்துக்கு முகங்கள், ஒவ்வொரு கண்ணும் ஒரு தட்டளவு. கீழே வலது ஓரத்தில் கறுப்பு.

கறுப்பு வெளுத்தது.

அவள் முகம். மெல்ல, ஈரத் துணியில் கறை ஊறி வருவதைப் போல வந்தது. அரங்கில் சிரிப்பு இல்லை. இருமல் இல்லை. இரு காதுகளையும் எதுவோ மெத்தென்று அழுத்தியது, ஹெட்போன் மாட்டியதைப் போல. அந்த அழுத்தத்துக்கு உள்ளே, திரையில் இருந்தவளின் குரல்.

"அப்பா கூப்பிட்டாரு. கேட்டுச்சு. ரெண்டு தடவை கேட்டுச்சு. நான் போகல."

அவள் கைமேல் இருந்த சூடு விலகியது.

"அக்கா." தங்கை கத்தவில்லை. குழந்தை கேட்பதைப் போலக் கேட்டாள். "அப்போ நான் மாத்திரை சரியாத்தான் கொடுத்தேனா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அது போதுமாக இருந்திருக்கும். தங்கை அவளைப் பார்த்தாள். திரை அவளைப் பார்த்தது. அவள் தலை குனிந்தாள்.

"சரியாத்தான் கொடுத்தா" என்றது திரை.

பிறகு நாற்காலி நகரும் சத்தம். திரைக்குள். ஒன்று. இன்னொன்று. வரிசையாக, கூட்டம் முடிந்து எல்லாரும் எழுவதைப் போல. நிமிரப் பார்த்தாள். கழுத்து வரவில்லை. எலும்பு இருந்த இடத்தில் ஒரு கை இருந்து அழுத்தியது. மடி தெரிந்தது. தரை தெரிந்தது. தரையில் விழுந்த திரை வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் இப்போது முகங்களின் நிழல் இல்லை. வெறும் நாற்காலிகளின் நிழல்.

அரங்கின் பின்கதவு திறந்தது.

"போகாதே" என்றாள் தங்கையிடம். சொன்னதாக நினைத்தாள்.

தங்கையின் செருப்பு எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் தயங்கியது. திரும்பியது. பிறகு வாசலை நோக்கி நடந்தது. இத்தனை வருஷத்தில் கேட்டிராத நடை. வேகமான, லேசான, யாருக்கும் பயப்படாத நடை.

அது போவதற்கு வழிவிட்டு, மற்றப் பாதங்கள் ஒதுங்கின. வெறுங்கால்கள். வீட்டிலிருந்து அப்படியே எழுந்து வந்த கால்கள். இருக்கைகளுக்கு இடையில், நடைபாதையில், அவள் முட்டிக்கு முன்னால். அதன்பின் ஒன்றுகூட அசையவில்லை. ஒன்றுகூட மூச்சு விடவில்லை. எல்லாக் கால்களின் விரல்களும் அவள் பக்கமே திரும்பியிருந்தன.