நீல நெருப்பை அணைத்தவர்

“பத்தொன்பது வருஷத்துல எங்க சாண வாயு அடுப்பு ஒரு நாள்கூட எரியாம இருந்ததில்ல டாக்டர். இப்ப நாலு நாளா எரியல. என் மச்சினன் சாணத் தொட்டியில எதையோ கலந்துட்டான். வீட்டை விட்டுப் போடான்னுட்டேன். நாலு மணி பஸ்ல கிளம்புறான்.”

பால் பண்ணைக்காரர் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தார். கால்நடை மருத்துவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும், மாடு தும்மினால்கூட அவரிடம்தான் வருவார்கள். அவருடைய பழைய கம்பவுண்டர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

பண்ணைச் சமையலறையில் அடுப்பைத் திருகினார்கள். சாண எரிவாயு வரவில்லை. பண்ணைக்காரர் அடுப்பின் விளிம்பை மெல்லத் தடவினார். அதை முதன்முதலில் பற்றவைத்தவள் அவர் மனைவி. நீல நெருப்பைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாளாம். அவள் தவறி மூன்று வருடம். அவரும் மச்சினனும் அந்த அடுப்பில் தேநீர் போட்டு, அவளைப் பற்றிப் பேசிப் பேசியே காலத்தை ஓட்டியிருந்தார்கள்.

கொட்டகையில் ஆறு மாடுகள். நான்கின் காலில் சிவப்பு ரிப்பன்.

“மடி வீக்கம். எட்டு நாளா ஊசி போடுறோம். அதுங்க பாலை டெப்போவுக்கு ஊத்தல. அதுல நான் சுத்தம்,” என்றார் பண்ணைக்காரர்.

“மச்சினனோட எப்ப சண்டை?” என்றார் மருத்துவர்.

“அஞ்சு நாள் ஆச்சு. டவுன்ல வேலை கிடைச்சிருக்கு, போறேன்னான். மறுநாளே அடுப்பு அணைஞ்சுது.”

“பழிவாங்கல். சந்தேகமே இல்ல,” என்று கம்பவுண்டர் காதோடு கிசுகிசுத்தார்.

மருத்துவர் வடிகாலைப் பார்த்தார். பால் ஓடிய தடமே இல்லாமல் காய்ந்து கிடந்தது. தொட்டியின் வாயருகே குனிந்தார். விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்து, ஈ மொய்த்தது.

“பாலை எங்க கொட்டினீங்க?”

பண்ணைக்காரர் தலை குனிந்தார். “இதுலதான். பாலைத் தரையில கொட்டினா அவளுக்குப் பொறுக்காது.”

மச்சினன் பையோடு கொட்டகை வாசலுக்கு வந்திருந்தான். மருத்துவர் அவனையும் அழைத்து உட்காரவைத்தார்.

“கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க தொட்டிக்குள்ள சாணத்தைத் தின்னுதான் வாயு வருது. ஊசி மருந்து கிருமியைக் கொல்லத்தானே? மாட்டுக்குள்ள போனதுல ஒரு பங்கு பாலிலயும் சாணத்துலயும் வெளிய வந்துடும். பாலை விக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச உங்களுக்குச் சாணம் ஞாபகம் வரல. ரெண்டும் தொட்டிக்குள்ள போயி, அங்க இருந்த கிருமிங்களைக் கொன்னுருச்சு.”

“மருந்து தானா அழியாதா டாக்டர்?” என்றார் கம்பவுண்டர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“சிலது சீக்கிரம் அழியும். இது மெதுவா. ரிப்பன் கட்டின மாட்டுச் சாணத்தைத் தனியாக் குவிச்சுக் கிளறி விட்டா, சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா உடையும். தொட்டியைக் காலி பண்ணி, மருந்து போடாத மாட்டுச் சாணத்தால திரும்ப ஆரம்பிக்கணும். மாசக்கணக்கு வேலை.”

பண்ணைக்காரர் மச்சினனைப் பார்த்தார். “நான் பால் ஊத்தினது உனக்குத் தெரியுமா?”

“பார்த்தேன் அத்தான். அக்காவுக்காக ஊத்துறீங்கன்னு புரிஞ்சுது. அதான் வாயைத் திறக்கல.”

“அவ இருந்திருந்தா இன்னைக்கு என்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா.” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “நெருப்பு வர்ற வரைக்கும் இருடா. அப்புறம் டவுனுக்கு நானே பஸ் ஏத்தி விடுறேன்.”

நாலு மணி பஸ் தெருமுனையில் ஹார்ன் அடித்தது. மச்சினன் மண்வெட்டியைத் தேடிக் கொட்டகைக்குள் போனான்.