காறித் துப்பாத வீடியோ

செவ்வாய்க்கிழமை, காலை 6:50.

வடவள்ளியில் தன் வீட்டு வாஷ்பேசின் முன்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த கிருபாசங்கர், தான் ஒரு கேமைப் புகழ்ந்துவிட்டதாகப் போனில் படித்தான். வாயில் நுரையோடு மறுபடியும் படித்தான். 'அண்ணா, நீங்களுமா?' என்று கேட்டிருந்தார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, நானூறு பேர்.

இந்த ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பகலில் கணபதியில் ஒரு பம்ப் ஃபவுண்டரியில் தரம் பார்க்கிற வேலை. வார்த்து வந்த இரும்பைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவான். ஓசையை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். சாயங்காலமானால் மாடியறையில் 'காறித்துப்பு' என்ற யூடியூப் சேனல். புதுசாக வந்த கேம், வரப்போகிற கேம், எதையும் விடமாட்டான். ஏழாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு பாதி வேலையோடு தலையில் கட்டுகிற கேம், வாங்கின அன்றைக்கே எண்பது ஜிபி அப்டேட் கேட்கிற கேம், சட்டை மாற்றுவதற்குக்கூடத் தனியாகக் காசு பிடுங்குகிற கேம், அடுத்த வருஷம் வரப்போவதற்கு இந்த வருஷமே முன்பதிவு செய்யச் சொல்கிற கேம் என்று எல்லாவற்றையும் பார்த்தாலே அவனுக்குக் குமட்டிக்கொண்டு வரும். அந்தக் குமட்டலைக் கேட்கவே நாலு லட்சம் பேர் இருந்தார்கள். இவன் காசு வாங்கமாட்டான், பொய் சொல்லமாட்டான் என்று நம்பினார்கள்.

அப்பேர்ப்பட்டவன் 'ரெயின்ஹன்ட் 3' என்கிற கருமத்தைப் பற்றிப் பதினோரு நிமிஷம் தேனொழுகப் பேசியிருந்தான். அச்சு அசல் அவன் குரல். "கண்ணு குளுந்து போச்சுங்க" என்று வேறு சொன்னது அந்தக் குரல். கிருபாசங்கருக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் தொண்டைக்குள் எவனோ கையை விட்டு வார்த்தையை எடுத்த மாதிரி இருந்தது. பிரஷ்ஷைத் தொட்டியில் வீசிவிட்டு வாயைக் கொப்பளித்தான்.

அவன் பேசியது இது இல்லை. சனிக்கிழமை அந்த கேமை எடுத்து மூன்று மணி நேரம் ஆடினான். அதற்கு மேல் சகிக்கவில்லை. மூடி வைத்துவிட்டு, சூட்டோடு சூடாக மைக்கின் முன்னால் உட்கார்ந்து, கதை சாக்கடை, சண்டை சவசவ, அந்த மலைக்காடு பிளாஸ்டிக் தோரணம் என்று கிழித்துத் தள்ளினான். அதுதான் செவ்வாய் காலை ஆறரைக்கு வெளியாகியிருக்க வேண்டும். அந்த இடத்தில் மெஷினுக்கு அவன் குரலைப் பழக்கிப் பேச வைத்த வீடியோவை யாரோ வைத்துவிட்டார்கள்.

7:05க்கு வீடியோவைத் தூக்கினான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. 'மாட்டிக்கிட்டதும் அழிச்சுட்டான்' என்று நகல்கள் பறந்தன. குரல் என்னுடையது இல்லை என்று எழுதினான். மாட்டுகிற எல்லாத் திருடனும் இப்போது இதைத்தான் சொல்கிறான் என்று பதில் வந்தது.

அன்றைக்கு மாலை ஐந்து மணிக்குப் பீளமேட்டில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கேமிங் கிளப்பைத் தொடங்கிவைக்க ஒத்துக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு அவர்களிடமிருந்து செய்தி வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்: அறுநூறு பேர் கேட்கிறார்கள், வாருங்கள், செய்தது யார் என்று பேர் சொல்லுங்கள், முடியாதென்றால் வர வேண்டாம். பேர் சொல்லாவிட்டால் சேனலை மூட வேண்டியதுதான் என்பது கிருபாசங்கருக்கே தெரிந்தது. நாலு வருஷமாகச் சேர்த்தது அந்த நம்பிக்கை ஒன்றைத்தான்.

ஃபவுண்டரிக்கு லீவு சொன்னான்.

காலை 9:15.

வீடியோக்களை ஏற்றுவது அவன் மனைவி பிரவீனாவின் வேலை. கம்பெனிகளின் மெயிலுக்குப் பதில் போடுவதும் அவள்தான். போன வாரம் இதே ரெயின்ஹன்ட்காரர்கள், கொஞ்சம் நல்லதாகப் பேசினால் கவனித்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். கிருபாசங்கர் நாலு வரி திட்டி அனுப்பச் சொன்னான். அனுப்பினாள், ஆனால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எந்த ஃபைலை ஏத்துன?"

"ஃபோல்டர்ல இருந்ததைத்தானுங்க. பேரு சரியா இருந்துச்சு."

"போட்டுப் பாக்கலையா?"

"நீங்க திட்டறதைத் தினமும் நேர்லயே கேக்கறேன். வீடியோவுல வேற கேக்கோணுமுங்களா?"

அதற்கு மேல் அவளிடம் கேட்க ஒன்றும் இல்லை. மாடியறை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். அந்த ஃபைல் திங்கள் மாலை 6:40க்கு ஃபோல்டருக்குள் வந்திருந்தது. ஒவ்வொரு திங்களும் மாலையில் சேனல் ஆட்கள் அங்கே கூடி டீ குடிப்பது வழக்கம். 6:40க்கு கிருபாசங்கர் தெருமுனையில் பஜ்ஜிக்கு நின்றுகொண்டிருந்தான். வீட்டில் இருந்தது மூன்று பேர். ஒன்று பிரவீனா. இரண்டாவது, சேனலில் பங்காளியும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனுமான உவைஸ். மூன்றாவது, வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற மோகன்குமார். சோமனூர்க்காரன், இருபத்தேழு வயசு. பேச்சின் அலைக்கோட்டைத் திரையில் பார்த்தே எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவான், அவ்வளவு கைதேர்ந்தவன் என்று கிருபாசங்கருக்கு அவன்மேல் பெருமை உண்டு. மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாடியில் தனியாக இருந்திருக்கிறார்கள்.

வெளியாள் எவனோ செய்திருந்தால் தேவலை என்று இருந்தது. தான் வாங்கிவந்த பஜ்ஜியைத் தின்றவர்களையே சந்தேகப்பட வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

காலை 11:40.

காந்திபுரத்தில் உவைஸ் வைத்திருக்கும் கேமிங் சென்டரில் ரெயின்ஹன்ட் போஸ்டர் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. வார இறுதிக்கு எல்லாச் சீட்டும் புக் ஆகிவிட்டது. கிருபாசங்கர் திட்டினால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

"நேத்து மேல போனியா?"

"சார்ஜர் எடுக்கப் போனேன் மாப்ள."

"அந்த வீடியோ உனக்குத்தான லாபம்?"

உவைஸுக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. லாபம்தான் என்று ஒத்துக்கொண்டான். அப்புறம், அந்த கேம் நீ சொல்கிற அளவுக்கு மட்டமில்லை, காடு எட்டாவது மணி நேரத்தில்தான் வருகிறது, அதுவரைக்கும் ஆடினால் நீயே நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வாய் என்றான். பேசிக்கொண்டே இருந்தவன் சட்டென்று திரும்பி, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தவனிடம் உனக்கு இடப்பக்கம் ஆள் வருது என்று சொன்னான். திரையை அவன் பார்க்கவே இல்லை. யாருடைய ஹெட்போனிலிருந்தோ கசிந்த காலடிச் சத்தம் போதுமாயிருந்தது.

மதியம் 12:30.

மோகன்குமாருக்குப் போன் போட்டான். அவர்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பன்னிரண்டு பவர்லூம் தடதடக்கிற சத்தம் போனை ரொப்பியது. மோகன்குமார் எப்போதும்போலக் கத்தித்தான் பேசினான்.

"ரெயின்ஹன்ட் நீ ஆடினியா?"

"என்னங்ணா? சத்தமாச் சொல்லுங்ணா."

திரும்பக் கேட்டான்.

"இல்லீங்ணா. என்ற சிஸ்டத்துல அதெல்லாம் ஓடாதுங்ணா. உங்க ஃபைலை ஞாயித்துக்கிழமையே ஃபோல்டர்ல போட்டுப்போட்டனே."

மூன்று மணிக்கு வடவள்ளிக்கு வரச் சொன்னான்.

மதியம் 1:15.

வேறு வழியில்லாமல் கிருபாசங்கர் அந்தப் பொய் வீடியோவை முழுசாகப் பார்க்க உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினான். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அந்த இளிப்பு, அந்தக் குழைவு, சீ! இரண்டாவது தடவை ஃபவுண்டரியில் செய்வதைச் செய்தான். மேலே பேசுகிற குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடுகிற கேமின் சத்தத்தை மட்டும் கேட்டான். அந்த ஆட்டமும் அவன் ஆடினது இல்லை, செய்தவனே ஆடிப் பதிந்தது.

மழை. தகரத்தில் நீர் சொட்டுவது. பின்னால் இடப்பக்கம் ஒரு சிறுத்தையின் உறுமல், தெளிவாக. ஆடுகிறவன் திரும்பவில்லை. சிறுத்தை பாய்ந்து திரை சிவந்த பிறகுதான் திரும்பினான். திரும்பினதும் ஒரே குண்டில் அதை வீழ்த்தினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உறுமல், மறுபடி திரும்பவில்லை. பதினோரு நிமிஷத்தில் நாலு தடவை இப்படி அடி வாங்கினான். ஆனால் குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. வசனத்துக்கெல்லாம் திரையின் அடியில் எழுத்து ஓடியது. அதையும் பெரிய அளவில் வைத்திருந்தான். உறுமலுக்கு எழுத்து வராது. மூன்றாம் பாகம் வந்தும் அதைச் சேர்க்கத் துப்பில்லாத கம்பெனி அது.

இன்னொன்றும் இருந்தது. காசு வாங்கினவன் புகழ்ந்தால் கதையைப் புகழ்வான், விலைக்குத் தகும் என்பான். இந்த வீடியோ மலைப்பாதையின் கைப்பிடிச் சுவரில் படிந்த பாசியைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசியது. வளைவுக்கு வளைவு பாசியின் நிறம் மாறுகிறதாம். மழை விழுகிற பக்கம் கருப்பாம், வெயில் படுகிற பக்கம் மஞ்சளாம்.

எந்த விளம்பரக்காரனுக்கு ஐயா பாசி வேண்டும்?

கிருபாசங்கர் ஹெட்போனைக் கழற்றினான். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சந்தோஷம் துளிகூட வரவில்லை.

மாலை 3:10.

மூன்று பேரையும் மாடியறையில் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, சத்தத்தை அடைத்துவிட்டு வீடியோவை ஓடவிட்டான். தான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். கையில் டீ டம்ளர் இருந்தது. ஸ்பூனால் மெதுவாக ஒரு தட்டு தட்டினான்.

பிரவீனா திரும்பிப் பார்த்தாள். உவைஸ் திரும்பிப் பார்த்தான். மோகன்குமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு தடவை தட்டினான். அப்போதும் அவன் அசையவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் தன்னைப் பார்ப்பதைக் கண்ட பிறகுதான் திரும்பினான். ஒரு ஆளின் காதை இப்படிச் சபையில் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்ததில் கிருபாசங்கருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் ஆரம்பித்ததை முடித்தான். இப்போது மோகன்குமாரின் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தான்.

ஆடினவன் யாரென்று ஒவ்வொருத்தராக எடுத்துச் சொன்னான். பிரவீனா போனில் கட்டை அடுக்குகிற கேமைத் தவிர எதையும் தொட்டதில்லை. அந்தக் குறி அவளால் முடியாது. உவைஸுக்குக் குறி உண்டு, ஆனால் அடுத்தவன் ஹெட்போனில் கேட்கிற காலடியையே பிடிக்கிறவன், தன் முதுகுக்குப் பின்னால் உறுமுகிற சிறுத்தையிடம் நாலு தடவை அடி வாங்கமாட்டான். நன்றாக ஆடுகிறவன், ஆனால் காதை நம்பாமல் கண்ணை மட்டும் வைத்து ஆடுகிறவன் ஒருத்தன்தான்.

"பொறந்ததுலருந்து தறிச் சத்தத்துலயே இருக்கற. உனக்குக் காது போயிட்டிருக்கு மோகனு. அலைக்கோட்டைப் பாத்து வெட்டறது உன் திறமைன்னு நான் ஊரெல்லாம் சொன்னேன். உனக்கு வேற வழியில்லைன்னு எனக்குத் தெரியல."

மோகன்குமார் மறுக்கவில்லை. காது விஷயம் தெரிந்தால் யாரும் எடிட்டிங் வேலை தரமாட்டார்கள் என்றுதான் மறைத்தேன் என்றான். முதல் தடவையாக மெதுவாகப் பேசினான்.

"காசு வாங்கினியா?"

"இல்லீங்ணா. அந்தக் காடு நான் செஞ்சதுங்ணா."

சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனி மூலமாக வந்த வேலையாம். எட்டு மாசம் அந்த மலைப்பாதையை மட்டும் வரைந்திருக்கிறான். பாசிக்காக ஆறு தடவை வால்பாறை பஸ் ஏறி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கிப் படம் எடுத்திருக்கிறான். கேம் வந்தபோது கடைசியில் ஓடுகிற பெயர்களில் அவன் பெயர் இல்லை. சனிக்கிழமை கிருபாசங்கர் அனுப்பிய பேச்சை மெஷினில் எழுத்தாக்கிப் படித்தபோது 'பிளாஸ்டிக் தோரணம்' என்று இருந்ததைத் தாங்க முடியவில்லை என்றான். தன் மனைவியின் தம்பியுடைய சிஸ்டத்தை வாங்கி வந்து, இரண்டு நாள் ஆடிப் பதிந்து, கிருபாசங்கரின் குரலைச் செய்திருக்கிறான்.

கிருபாசங்கருக்குப் பரிதாபம் வந்தது. பின்னாலேயே காறித் துப்புகிற ஆத்திரமும் வந்தது.

"நேர்ல வந்து எங்கிட்டச் சண்டை போட்டிருக்கலாமில்ல? என்ற குரலை எடுத்து, நான் சொல்லாததைச் சொல்ல வெச்சயே. நாலு லட்சம் பேருகிட்டப் பொய் சொல்லியிருக்கற. கேவலமா இல்லையா உனக்கு?"

"கேவலம்தானுங்ணா." மோகன்குமார் தலையைக் குனியவில்லை. "நீங்க ஆடின பதிவு முழுசும் எங்கிட்டத்தானுங்ணா வந்துச்சு. மூணு மணி நேரம் பன்னெண்டு நிமிசம். அதுல காடே வர்லீங்களே. நீங்க எதைப் பாத்துட்டுத் துப்புனீங்க?"

உவைஸ் தரையைப் பார்த்தான். பிரவீனா புருஷனைப் பார்த்தாள்.

டிரெய்லரைப் பார்த்துவிட்டுத்தான் கிருபாசங்கர் துப்பியிருந்தான். ஒரு நிமிஷ டிரெய்லர். எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினான்.

மாலை 5:05.

பீளமேட்டுக் கல்லூரி அரங்கம் நிரம்பி, வாசலிலும் நின்றுகொண்டிருந்தார்கள். கைதட்டவில்லை. கிருபாசங்கர் மேடையேறி, வீடியோவில் இருப்பது தான் பேசியது இல்லை என்றும், தன்னிடம் எடிட்டிங் செய்த மோகன்குமார் செய்தது என்றும் சொல்லி, அவனே ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்ததைத் திரையில் போட்டுக் காட்டினான். நாலு தடவை அடித்த சிறுத்தையையும் காட்டினான். அரங்கம் இளகியது. அங்கங்கே கை தட்டினார்கள். கெட்டுப்போன பேர் திரும்பி வருவது அவனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அத்தோடு இறங்கியிருக்கலாம்.

இறங்கவில்லை. நான் பேசி வைத்திருந்த வீடியோவும் பொய்தான் என்றான். அந்தக் காட்டுக்குள் காலே வைக்காமல் அதைக் கிழித்தேன் என்றான்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் ஹர்ஷிணி என்றும், கிளப்பின் செயலாளர் என்றும் சொல்லிவிட்டு மைக்கை வாங்கினாள்.

"இதுவரைக்கும் இருநூத்திப் பத்து கேமுக்கு வீடியோ போட்டிருக்கீங்க சார். அதுல எத்தனை கேமை முழுசா ஆடுனீங்க?"

கிருபாசங்கர் நாலு வருஷத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். அவசரமில்லாமல் எண்ணினான். அறுநூறு பேரும் காத்திருந்தார்கள்.

"நாப்பத்தொண்ணு" என்றான்.

ஹர்ஷிணி அதைக் கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரோ பின்வரிசையில் எழுந்து வெளியே போனார்கள்; அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள்.