விளையாட்டுக் கல்யாணம்

மணப்பெண்ணின் கைகளில் மருதாணி நன்றாகப் பிடித்திருந்தது.

அது அப்படி இருந்திருக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான், வழிகாட்டி அக்சிலின் கண்ணெதிரே, வீட்டுக்காரி லல்லா ரக்கியா அந்த டென்மார்க் பெண் கிர்ஸ்டனின் உள்ளங்கையில் மருதாணி வைத்தாள். இந்நேரத்துக்குள் வெளிறிய ஆரஞ்சாக ஏறியிருந்தாலே அதிகம். முகத்தை மூடிய துணிக்குக் கீழே தெரிந்த இந்தக் கைகளிலோ நிறம் கருஞ்சிவப்பாக ஊறிப்போயிருந்தது. நகங்களின் அடியிலிருந்து புதிதாக வளர்ந்த வெளுப்பு பாதி நகம்வரை ஏறியிருந்தது.

வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான் என்று அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

மராகேஷ் நகரத்திலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக வருகிறவர்களுக்கு மலைக் கல்யாணம் நடத்திக் காட்டுவது ரக்கியா வீட்டின் வழக்கம். அவர்களை இந்தப் பள்ளத்தாக்குக்கு அழைத்துவருவது அக்சிலின் வேலை. ஒரு வெள்ளைக்காரிக்கு முகம் முழுக்க மூடும் சிவப்புக் கோடு போட்ட துணி. ஒரு வெள்ளைக்காரனுக்கு நீள அங்கி. அவன் அர்த்தம் தெரியாமல் நிக்காஹ் வார்த்தைகளை உளறுவான், எல்லாரும் சிரிப்பார்கள். ஜோடியை உள்ளறையில் விட்டு வெளியே குறுக்குக் கட்டை போடுவார்கள். ஒரு பாட்டு. பிறகு கதவு திறக்கும், படம் எடுப்பார்கள், தேநீர் வரும்.

இன்று மாப்பிள்ளையாக வேண்டியவன் வேனில் சுருண்டு கிடந்தான்.

"கொண்டைஊசி வளைவுலயே அந்தாளு குடல் வெளிய வந்துடுச்சு," என்று சிரித்தான் வேன் ஓட்டும் மோஹா. "நீயே உக்காருடா, படிச்ச மேதை. உனக்கும் மறுபடி ஒரு கல்யாணம் ஆனாப்ல இருக்கும்."

"வாயை மூடுறியா?"

"வாங்க மாப்ளே, புதுப்பொண்ணாட்டம் கூச்சப்படாதீங்க," என்று ரக்கியாவும் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா விளையாட்டுக்குத்தானே?"

அவன் உட்கார்ந்தான். உளறத் தெரியாததால் வார்த்தைகளைத் தன் மொழியில், பிழையில்லாமல் சொன்னான். விளையாட்டுக்குச் சொன்னாலும் அவை கட்டிப்போட்டுவிடும் என்பதும், அதனாலேயே உள்ளூர்க்காரன் எவனும் அந்தப் பாயில் உட்காருவதில்லை என்பதும் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. துணிக்குள்ளிருந்து 'ஏற்றுக்கொண்டேன்' என்று மலைமொழியில் மெல்லிய பதில் வந்தது. பின்னால் நின்ற ரக்கியாதான் சொன்னாள் என்று அவன் நினைத்தான்.

இருவரையும் உள்ளறையில் விட்டுக் கட்டை போட்டார்கள். வெளியே பாட்டு முடியவில்லை.

தஃப் மேளம் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்க, அதன் மேல் பெண்களின் குரல் ஏறுவதும் இறங்குவதுமாக அலைய, ஆட்டுரோமமும் விறகுப்புகையும் மணக்கும் அந்தச் சின்ன மண்ணறைக்குள் வேறொரு வாடை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தது. பனி உருகும் நாளில் தோண்டிப்போட்ட மண்ணின் வாடை. அவனுக்குக் காலிலிருந்து குளிர் ஏறியது. பொழுது சாய்வதற்குள் அவன் மலையிறங்க வேண்டும். பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் சந்தையூரில், தங்கை யம்னாவின் வீட்டில், மகள் தாலா காத்திருப்பாள். தாய் போனதிலிருந்து அவன் வராமல் அவள் வாயில் ஒரு கவளம் வைப்பதில்லை. காலையில் எழுந்திருக்க அவனுக்கு அவளைத் தவிர வேறு காரணம் மிச்சமில்லை.

"கிர்ஸ்டன்," என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டான். "போதும். துணியை எடுத்துவிடுங்கள்."

மெத்தையில் இருந்தவள் அசையவில்லை.

சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்குத் துவாரம். அதன் வழியே வாதுமை மரமும் வேனும் தெரிந்தன. பயணிகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக மஞ்சள் தலைமுடி. கிர்ஸ்டன், உள்ளங்கையில் உதிரும் மருதாணியைக் காகிதத்தால் துடைத்தபடி ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. வேன் இறங்கிப் போனது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கதவை இரண்டு கைகளாலும் தள்ளினான்.

"லல்லா! கதவைத் திறங்க!"

"அட, என்ன அவசரம் மாப்ளே?" வெளியே சிரிப்பு. "சடங்கு முடியட்டும்."

"என்ன சடங்கு? வண்டி போயிடுச்சு!"

"போனது வரும், வரும்."

தோளால் இடித்தான். வாதுமைக் கட்டை அசையவில்லை. பின்னால் துணி சரசரத்தது. மூச்சுச் சத்தம் இல்லை. சரசரப்பு மட்டும்.

இத்தோ. நினைக்கக் கூடாது என்று வைத்திருந்த மனைவியின் பெயர். பனியடைத்த கணவாயில், வண்டிக்குள், வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள். மண்ணில் இறக்கும்போது அவள் கைகளில் பண்டிகை மருதாணி இருந்தது. அதன் பிறகு நகம் வளர்ந்திருந்தால்...

துவாரத்தில் வெளிச்சம் மங்கியது. எவ்வளவு நேரம் இடித்தான் என்று தெரியவில்லை. அதுவரை சிக்னல் காட்டாத கைபேசி அடித்தது. தங்கை.

"அண்ணே, மோஹா வந்து தாலாவைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. கல்யாண வீட்டுக்கு நீதான் அழைச்சிட்டு வரச் சொன்னியாமே? யாருக்குண்ணே கல்யாணம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாத்தியா!"

"யம்னா, எப்போ? எப்போ போனாங்க?"

"அப்பவே. புதுப் பாவாடை கட்டிவிட்டேன். என்னா குஷி தெரியுமா அவளுக்கு! எத்தனை நாளாச்சு அவ சிரிச்சு..."

லைன் அறுந்தது.

வெளியே பாட்டு மாறியது. இந்தப் பாட்டு அவனுக்குத் தெரியும். எல்லா மலைக் கல்யாணத்திலும் கடைசியில் பாடுவது. புதுப்பெண்ணின் மடியில் ஒரு பிள்ளையை உட்காரவைப்பார்கள், அவள் வயிறு திறக்கட்டும் என்று. சுற்றுலாக்காரர்களுக்கு இதை நடத்துவதில்லை.

மடி காலியாயிருக்கு, பிள்ளையைக் கொண்டாங்க.

மேட்டில் வேன் முனகி ஏறியது. நின்றது.

குறுக்குக் கட்டையை உருவும் சத்தம்.

கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. இதுவரை தள்ளியவன் உட்புற இரும்பு வளையத்தைப் பற்றி இழுத்தான். ஒரு காலைச் சுவரில் ஊன்றினான்.

"அப்பா?"

"தாலா, உள்ள வராதே. இங்கிருந்து ஓடு. ஓடும்மா!"

"அம்மா கூப்பிட்டாங்கப்பா."

பாட்டு நின்றது.

பின்னால், முகத்துணி தரையில் விழுந்தது. பிறகு ஒரு சத்தம். இரண்டு கைகள், மெதுவாக, மடியைத் தட்டின.

வெளியே பல கைகள் சேர்ந்து இழுத்தன. வளையம் வழுக்கியது. கதவு ஒரு விரலளவு விலகியது.

இடுக்கில் தாலாவின் கண்.

அது அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளைத் தாண்டிப் பார்த்தது. பார்த்து, மலர்ந்தது.