நான்கு விரல்

சம்பள பாக்கி நாற்பத்தோராயிரத்து எழுநூற்று அறுபது. கட்டடம் எழும்பிவிட்டது, ஆட்கள் குடியேறிவிட்டார்கள், கூலி மட்டும் வரவில்லை. கம்பெனிக்கு இப்போது கதவும் இல்லை, வாசலும் இல்லை. எல்லாம் கணினிக் கடையில் இருக்கும் ஒரு மாயக் கண்ணாடிக்குள். அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் ஓர் ஆபீஸ் தெரியும். நம் சாயலில் ஒரு பொம்மை அதற்குள் நடந்து போய்க் கேட்க வேண்டும்.

அந்தக் கட்டடத்துக்குக் கலவை தூக்கிய அவர் அன்றும் மனைவியோடு கணினிக் கடைக்கு வந்தார். சாயங்காலத்துக்குள் வாடகை கட்டாவிட்டால் சாமான் தெருவுக்கு வந்துவிடும்.

"இன்னைக்கும் சும்மா நின்னுட்டு வந்தீங்கன்னா, உங்கள விட்டுட்டு அந்தப் பொம்மையக் கூட்டிட்டுப் போயிடுவேன்," என்றாள் மனைவி.

கடைக்காரர் அவர் உள்ளங்கையை இயந்திரத்தில் வைத்து அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணே, ரேகையே இல்ல. சிமெண்டு தின்னுருச்சு. பொம்மைக்குக் கை வராது."

"கை இல்லாமத்தான் அத்தனை மாடி ஏத்துனேனா?"

"என்கிட்டக் கோவிச்சு என்னண்ணே பண்றது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உள்ளே நீண்ட வெள்ளைக் கூடம். 'சம்பளம்' என்று எழுதிய ஒரு பொத்தான். "பொத்தானை அழுத்தவும்" என்றது ஒரு பெண்குரல். பொம்மைக்கு மணிக்கட்டோடு கை முடிந்திருந்தது. மொட்டைக் கையால் இடித்தார். புகையில் இடிப்பதுபோல் இருந்தது.

"எதாலம்மா அழுத்துறது?"

"பொத்தானை அழுத்தவும்."

"அட, காதுல விழலயா உனக்கு!"

"பொத்தானை அழுத்தவும்."

அழுகையே வந்துவிட்டது அவருக்கு. அப்போதுதான் வாடை வந்தது. ஈரச் சிமெண்டு வாடை. கண்ணாடிக்குள் வாடை ஏது?

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பினார்.

நெட்டை நின்றிருந்தான்.

கூடவே வேலை பார்த்தவன். போன மழையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவன். அவனுக்கும் இதே அளவு பாக்கி. சுண்டுவிரல் இல்லாத வலது கையால் ஒரு கலவைச் சட்டியை நீட்டினான்.

சாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவன் 'வாங்கிட்டேன்' என்று சொல்லும்வரை கொடுக்கிறவன் சட்டியை விடமாட்டான். சொல்லிவிட்டால் பாரம் வாங்கியவனுடையது.

பழகிய வாய் முந்திக்கொண்டது.

"வாங்கிட்டேன்."

சட்டியைக் காணோம். நெட்டையையும் காணோம். பொம்மையின் மணிக்கட்டில் ஒரு கை முளைத்திருந்தது.

நான்கு விரல்.

அது தானாகப் பொத்தானை அழுத்தியது.

மறுபடியும் அழுத்தியது.

அவர் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டார். மனைவி போனைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "எண்பத்து மூவாயிரத்து ஐநூத்து இருபது! கம்பெனிக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"பாதி நம்மளது இல்ல," என்றார். வலது தோளை ஏதோ ஜில்லென்று பிடித்திருந்தது.

பாதிப் பணத்தை நோட்டாக எடுத்துக்கொண்டு நேரே நெட்டையின் வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் அந்தப் பிடி தளரவில்லை. நெட்டையின் மனைவியிடம் நோட்டுக் கட்டை நீட்டினார். அவள் பிடித்து இழுத்தாள். அவர் விரல்கள் விடவில்லை.

"என்னண்ணே, குடுக்க மனசில்லையா?"

"வாங்கிட்டேன்னு சொல்லும்மா," என்றார்.

"வாங்கிட்டேண்ணே."

விரல்கள் விட்டன. தோளும் லேசானது.

தெருவில் பின்னால் வந்த அவர் மனைவி நின்றுவிட்டாள். "தோள்ல என்னங்க இது? நீங்க வேலைக்குப் போயே மாசக்கணக்காச்சே!"

சட்டையில் ஈரச் சிமெண்டு, ஒரு கை பதிந்த மாதிரி. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

வாடகை கட்டியாயிற்று. யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லை. அந்தச் சட்டை மட்டும் வெயிலில் கொடியில் தொங்குகிறது. தோள் இன்னும் காயவில்லை.