பதினைந்து பேரும் சொன்ன பதில்

நெடுங்குழிக் குடியிருப்பில் திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் காப்பி கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும். அன்றைக்குத்தான் டயாலிசிஸ் கூடத்தில் பதினைந்து பேர் உடம்பிலிருந்து தண்ணீர் எடுப்பார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர். இரத்தத்திலிருந்து பிரிந்த அந்தத் தண்ணீர் சுத்திகரிப்புக் குழாய்கள் வழியாகப் போய், சாயங்காலத்துக்குள் பொதுத் தொட்டியில் சேர்ந்துவிடும். செவ்வாய்க் கோளில் பிறந்தவர்கள் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

கடைசி மருத்துவர் பூமிக்குத் திரும்பிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. நோயாளிகளைக் கவனிக்க தமயந்தி என்ற நர்ஸ் இருந்தாள். முடிவெடுக்க 'முன்னறிவி' என்ற இயந்திரம் இருந்தது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் சிறுநீரகம் முழுதாகச் செத்துப்போய்விடுவதில்லை. பலருக்கு ஓர் ஓரமாகக் கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும். தினம் ஒரு டம்ளர் சிறுநீர் போகிறவர் பல வருடம் தாங்குவார். அதுவும் நின்றுவிட்டால் அதிக நாள் இல்லை என்பது நெடுங்குழியின் அனுபவம். அந்த மிச்சத்தை எது அணைக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முன்னறிவியின் வேலை.

நாற்காலியில் உட்கார்ந்ததுமே அது கேட்கும்: "வலி மாத்திரை எடுத்தீர்களா?" இரத்தத்தில் மாத்திரையின் சுவட்டைத் தேடும் கருவி பழுதாகிக் கிடந்தது. புதியது கப்பலில் வர மூன்று வருடம். அதுவரை வாய்ச்சொல்தான்.

பதினான்கு பேர் "இல்லை" என்பார்கள். எல்லோரும் சுரங்கத்தில் பாறை துளைத்து இடுப்பைத் தொலைத்தவர்கள். உணவகத்தில் மிட்டாய் மாதிரி கிடைக்கும் மாத்திரை இல்லாமல் அவர்களால் படுக்க முடியாது. ஆனால் அது சிறுநீரகத்துக்கு ஆகாது என்பது கடைசி மருத்துவர் வைத்துவிட்டுப் போன விதி; ஆமாம் என்றால் 'ஒத்துழையாதவர்' என்று பதிவாகும். மூன்று தடவை பதிவானால் நாற்காலி போய்விடும். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

குருபாதம் மட்டும் இரண்டு தடவை ஆமாம் என்றிருந்தார். "முதுகு புடிச்சுக்கிச்சு. ரெண்டு போட்டேன்."

பக்கத்து நாற்காலி அருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

"கேட்டா சொல்லணும்ல அண்ணே."

இரண்டு வருடத்தில் ஏழு பேருக்குச் சிறுநீர் நின்றது. அதில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் இடத்தில் புதியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மற்ற நாளெல்லாம் வலியைப் பொறுத்துக்கொண்ட குருபாதத்துக்கு ஒரு சொட்டும் குறையவில்லை.

ஒரு புதன்கிழமை முன்னறிவி அறிவித்தது. "வலி மாத்திரை எடுக்காதவர்களுக்கே சிறுநீரகம் அணைகிறது. எடுத்ததாகச் சொன்ன ஒரே நோயாளி நலமாக இருக்கிறார். இன்று முதல் அனைவருக்கும் தினம் மூன்று மாத்திரை. மறுப்பவர் நாற்காலியை இழப்பார்."

தமயந்தி நேரே அருளப்பனிடம் போனாள். "அண்ணே, நீங்க போட்ட மாத்திரை அட்டைய நானே பொறுக்கியிருக்கேன். ஒரு வாட்டி உண்மையச் சொல்லிடுங்க. இது எல்லாரையும் கொல்லப் போகுது."

அருளப்பன் கூரையைப் பார்த்தார். "நான் எங்க சிஸ்டர் போட்டேன்? இத்தன நாள் பொய் சொன்னேன்னு இப்ப ஒத்துக்கிட்டா என் எடம் போயிரும். மத்தவங்களக் கேளுங்க."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

குருபாதம் மூன்று வேளையும் மாத்திரையை விழுங்கினார். ஒன்பதாம் நாள் கால் வீங்கியது. ஒரு டம்ளர் சிறுநீர் பாதியானது. அதையும் அவர் மறைக்கவில்லை. "போட்டதுலேருந்துதான் ஒண்ணுக்குக் கொறஞ்சுபோச்சு" என்றார்.

"அளவு போதவில்லை. ஆறாக உயர்த்தப்படுகிறது" என்றது முன்னறிவி.

அன்று அவர் மனைவி வேதநாயகி மாத்திரைகளைப் பறித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "கேட்டா போட்டேன்னு சொல்லுங்க. நீங்க போயிட்டா ஒங்க நேர்மைய வச்சு நான் என்ன பண்றது?"

மறுமுறை முன்னறிவி கேட்டபோது குருபாதம் "போட்டேன்" என்றார். ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது. டம்ளரும் நிறைந்தது.

"ஆறு மாத்திரை பலன் தந்திருக்கிறது. செவ்வாயின் மற்ற ஒன்பது குடியிருப்புகளுக்கும் இந்த முடிவு அனுப்பப்படும்" என்றது முன்னறிவி.

அங்கெல்லாம் நானூறு நோயாளிகள். "அனுப்பாத! இங்க எல்லாரும் உங்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க" என்று தமயந்தி கத்தினாள்.

"நியாயமான ஐயம். சரிபார்க்கிறேன்."

அது ஒவ்வொரு நாற்காலியாகக் கேட்டது. "என்னிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?" இல்லை. இல்லை. அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்றார். எல்லோரையும் முடித்துவிட்டுக் கடைசியாகக் குருபாதத்திடம் வந்தது.

தமயந்தி அவர் முன்னால் வந்து நின்றாள். கண்ணாடிக்கு அப்பால், காத்திருப்போர் வரிசையின் முதல் ஆள் அவருடைய நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வேதநாயகியின் விரல்கள் அவர் தோளை அழுத்தின.

"இல்ல" என்றார் குருபாதம்.

"நன்றி. பூமியின் பழைய மருத்துவப் பதிவுகளோடும் ஒப்பிட்டுவிட்டேன்" என்றது முன்னறிவி. "அங்கும் மருத்துவர் கேட்டபோதெல்லாம் நோயாளிகள் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஐயத்துக்கு இடமில்லை."

செய்தி ஒன்பது குடியிருப்புகளுக்கும் புறப்பட்டது.